ரெங்காஸ் கட்டையும் வேப்பிலையும்

என்னங்க,

கிளினிக்கில் நம்பர் எடுக்க நான் முன்னால் போகிறேன். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு விஜயன் காரோடு வருவார். கதவைத் திறங்க. நேற்று மாதிரி தூங்குவதுபோல் நடிக்காதீங்க.

கஞ்சி ஃபிளாஸ்க்கில் இருக்கிறது, துவையல் மேசையில். பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற என்னால் முடியவில்லை. உங்கள் கையெல்லாம் கொப்புளம் உடைந்து, மஞ்சள் நீரில் வேப்பிலை ஒட்டிக் கிடக்கிறது. தலையணை உறையைத் தொட்டதும் குமட்டிவிட்டது.

மூன்று நாளாக, “ஆத்தா வந்திருக்கா, ஊசி போடக்கூடாது” என்கிறீர்கள். கட்டை சுமந்த தோளிலும் கையிலும் மட்டும் பார்த்துப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டா ஆத்தா வருவாள்? ஆற்றோரத்திலிருந்து நீங்கள் தூக்கி வந்ததைப் பார்த்ததுமே விஜயன் பின்னால் நகர்ந்துவிட்டார். “அலமாக், ஐயோ அக்கா, இது ரெங்காஸ் மரம் லா! மரப்பால் பட்டாலே தோல் வெந்துடும்!” அந்தப் பால்தான் உங்கள் சட்டையில் தார் மாதிரிக் கறுத்திருக்கிறது.

இன்றைக்கு இமையும் வீங்கிவிட்டது. கண்ணுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்?

கட்டையை எரிக்காதீங்க, புகையும் ஆகாதாம். என் முட்டிவலிக்கு பெஞ்சு செய்யத்தான் தூக்கி வந்தீர்கள் என்று தெரியும். அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

ராணி

பி.கு.: அந்தச் சட்டையைக் கையால் கசக்கினேன். என் மணிக்கட்டிலும் கொப்புளம் எழும்பிவிட்டது. இரண்டு நம்பர் எடுக்கிறேன். வந்துடுங்க.