புள்ளிகள் இல்லாத வரைபடம்

இன்று காலை, குளுவாங் மலையில் நாங்கள் கட்டும் நடைபாலத்துக்காக இரும்புக் கயிற்றுச் சுருளைப் பிரித்தார்கள். கிரீஸும் துருவும் கலந்த வாடை. திருட்டு வேட்டைக்காரர்கள் காட்டில் வைத்த கம்பிக் கண்ணிகளை வெட்டி நீ அள்ளிவரும் பையிலும் இதே வாடைதான் அடிக்கும்.

நீ விலங்குகளை ஆராய்ந்தாய். நான் வரைபடம் போட்டேன். மரம் வெட்டாமல் பாலம் போக வேண்டுமென்றால் விலங்குகளின் தடம் தெரிய வேண்டும். அதனால் உன் தானியங்கிக் கேமரா ஒவ்வொன்றுக்கும் இடம் பிசகாமல் புள்ளி வைத்து, அச்சடித்து, எங்கள் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன்.

"கழட்டுடா அத. வர்றவன் போறவன்லாம் பாக்குறான்," என்றாய்.

"டேட்டாவ ஒளிச்சு வச்சு ஊறுகாயா போடப் போற?"

"உனக்கு மலைன்னா ஒரு தாள் லா. அதான் பிரச்சன."

நான் கழற்றவில்லை. ஒருநாள் தாளைக் காணவில்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று இன்னொன்று அச்சடித்தேன்.

அந்த வாரமே நாம் இருவரும் போனபோது, ஏழாவது கேமராவுக்குக் கீழே தபீர் ஒன்று, கறுப்பு வெள்ளை உடம்பும் குட்டித் தும்பிக்கையுமாக, கண்ணியில் கிடந்தது. முன்காலில் கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. நீ சட்டையைக் கழற்றி அதன் கண்ணை மூடினாய். அது உதறியதில் உன் உதடு கிழிந்தது. அப்போதுதான் பாராங் கத்தியோடு இரண்டு பேர் வந்தார்கள். முதல் வெட்டு உன் கழுத்தோரம் விழுந்தது.

கம்பிவெட்டியால் ஒருவன் முகத்தில் அடித்தேன். விழுந்தான். பல் தெறித்த பிறகும் அடித்தேன். மற்றவன் ஓடிவிட்டான்.

"போதும்டா," என்றாய். "கம்பிய வெட்டு மொதல்ல."

வெட்டினேன். தபீர் மூன்று காலில் போனது. விழுந்து கிடந்தவனின் சட்டைப்பையில் என் வரைபடம் நாலாக மடிந்து இருந்தது.

உன்னைத் தோளில் போட்டு இறங்கினேன். பாதி வழியில் உன் கை என் சட்டையை விட்டுவிட்டது. கீழே வந்தபோது உன்னிடம் மூச்சில்லை.

அவனை அடித்ததற்கு நான் வருந்தவில்லை. பெர்மாஸ் ஜெயாவில் உன் வீட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், தாளை ஒட்டியது யார் என்பதைத் தவிர.

இப்போது என் வரைபடத்தில் புள்ளி கிடையாது. தடம் இருக்கும் பக்கத்தை அகலப் பட்டையாகப் போடுகிறேன். பாலம் அதைவிட்டு விலகிப் போகிறது. "கரெக்ட்டா எந்த எடம்?" என்று பாஸ் கேட்டால், "தெரியாது பாஸ்" என்கிறேன். ஒரு மீட்டர் பிசகினாலே கத்துகிறவன் நான்.

போன வாரம் கேமராவில் ஒரு படம் விழுந்தது. முன்கால் நொண்டும் தபீர், பின்னால் உடம்பெல்லாம் வரியோடு ஒரு குட்டி. எங்கே என்றுதான் நீ முதலில் கேட்பாய். கோபித்துக்கொள்ளாதே. உனக்கும் எழுத மாட்டேன். தாள் யார் கைக்கும் போகும்.