முன் சீட்டின் சிவப்புத் தையல்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
வெள்ளி இரவு.

அன்புள்ள லோகேஷ் அண்ணாவுக்கு,

அகிலா எழுதுவது. மஸ்கட் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான், உன் கார் எல்லாரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஐயம்பேட்டை இளவரசன் அண்ணன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை உன் கம்பெனிக்கே திரும்புகிறார் அல்லவா, அவரிடம் கொடுத்துவிடும் பையில் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வழக்கம்போல அம்மா சொல்லி நான் எழுதிய கடிதமும் இருக்கும். அதில் எல்லாரும் சௌக்கியம், கார் சௌக்கியம், தலைக்கு எண்ணெய் வை, ராத்திரியில் தயிர் சாப்பிடாதே என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடாதே. பொடி டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் இந்தக் கடிதம் நானாக எழுதுவது, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் தெரியாது. வெளிச்சம் தெரியக்கூடாது என்று அப்பாவின் பட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. போனில் சொல்லக் கூடாதா என்பாய். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, நீ பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார்கள், நான் எதைச் சொல்வது.

கார் விஷயம்தான். நீ அங்கிருந்தே வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாயே, சிவப்பு உடம்பு, கறுப்புக் கூரை, பின்னால் ஸ்பாய்லர், இரண்டு சைலன்சர், கறுப்பு சீட்டில் சிவப்புத் தையல் என்று, எல்லாம் நீ சொன்னபடியே வந்தது. அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன், வந்த அன்றைக்கு நானே நாலு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். ஆனால் அது வந்ததிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லாததால், அம்மாவின் தம்பி என்ற உரிமையோடு தேவேந்திரன் மாமாதான் ஓட்டுகிறார், அதனால் கார் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். முன்பக்க லைட்டைக் காட்டி, "எப்டி மொறைக்குது பாரு, எதிர்ல வர்றவன் தானா ஒதுங்கிப் போவான்" என்கிறார். டயர் கடை கண்ணாயிரம் அண்ணன் உடனே, "மொறைச்சா ஆச்சா, வயிறு தரையில தட்டுதே, ஓரிக்கை ஸ்பீட் பிரேக்கர்ல ஏறும்போது அழுவுதுபா ஒன் வண்டி" என்கிறார். "அதுக்குப் பேருதான் ஸ்போர்ட்டி, ஒனக்கு ட்ராக்டர்தான் லாயக்கு" என்று மாமா. அம்மாவுக்குக் கூரை கறுப்பாக இருப்பது பிடிக்கவே இல்லை, புது வண்டிக்குத் தலையில் கறுப்புத் துணி போட்ட மாதிரி இருக்கிறதாம். அதற்கு மட்டும் அப்பா உன் கட்சி. "அது கோர்வைமா, ஒடம்பு ஒரு கலரு, பார்டரு ஒரு கலரு, ரெண்டும் சேர்ற எடம் எவ்ளோ சுத்தமா இருக்குது பாரு" என்று கூரை ஓரத்தை விரலால் தடவித் தடவிக் காட்டினார். டிக்கியில் புடவைப் பெட்டி நாலுக்கு மேல் நுழையவில்லை, பின் சீட்டு ஜன்னல் சின்னதாக இருப்பதால் எனக்குக் குமட்டுகிறது, இதையெல்லாம் யாரும் காதில் வாங்குவதில்லை. இவர்களுக்குக் கார் என்றால் அதன் மூஞ்சிதான்.

இதோடு நின்றிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன். போன செவ்வாய்க்கிழமை கண்ணாயிரம் அண்ணன் வந்து, முன் பம்பரில் இரண்டு பக்கமும் காற்றுப் போகிற மாதிரி பள்ளம் இருக்கிறதே, அதில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. "யோவ், இது ஓட்டையே இல்லய்யா, ஓட்ட மாதிரி பொம்ம" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார். பிறகு பின்னால் போய்க் குனிந்து பார்த்தார்கள், இரண்டு சைலன்சரில் ஒன்றுதான் நிஜம், இன்னொன்று வெறும் மூடி. மாமா, "டிசைனுபா, இன்னா தெரியும் ஒனக்கு" என்று கத்தினார். அப்பா வண்டிக்குள் ஏறினார். ஸ்டியரிங்குக்கு மேலே டேஷ்போர்டில் ஓடுகிறதே ஒரு சிவப்புத் தையல், அதை நகத்தால் நெருடினார். அது நூலே இல்லை, பிளாஸ்டிக்கில் தையல் மாதிரி அச்சுக் குத்திச் சிவப்புப் பூசியிருக்கிறார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, போலி ஜரிகையை அசல் என்று சொல்லி அவர் கையில் திணித்ததுபோல ஆகிவிட்டது. "அப்ப சீட்ல இருக்கறது?" என்று கேட்டார்.

நூல் நிஜமா என்று தெரியவேண்டுமானால் நம் வீட்டில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். அதையேதான் செய்தார். அம்மா உட்காரும் இடது பக்க முன் சீட்டில், முதுகு சாய்கிற இடத்தில், கதவை ஒட்டிய ஓரத்தில் ஊசி விட்டு ஒரு நூலை இழுத்து அறுத்தார். ஓரத்தில் இழுத்தால் கண்ணுக்குத் தெரியாதாம், புடவையில் இழுப்பதுபோல. சாமி மாடத்துத் தீப்பெட்டியை எடுத்துவந்து கொளுத்தினார். பட்டு மாதிரி பொசுங்கிச் சாம்பலாகாமல் உருகி மணி மாதிரி சுருண்டுகொண்டது, மயிர் பொசுங்கிய வாசனையும் இல்லை. "பாலியஸ்டரு! இத்தினி பெரிய கம்பெனி, செவப்புத் தையலு செவப்புத் தையலுன்னு படம் காட்டிட்டு, பாலியஸ்டரு!" என்றார். நூல் உருகினது போகட்டும். இழுத்த இடத்திலிருந்து தையல் விட்டுக்கொண்டே போய் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. அப்பா தறியில் மீந்திருந்த அரக்குச் சிவப்புப் பட்டு நூலை மூன்று புரியாக முறுக்கி, மெழுகு தடவி, அந்தப் பிளவை ராத்திரி முழுக்க உட்கார்ந்து தைத்தார். சும்மா சொல்லக்கூடாது, கம்பெனித் தையலைவிட அழகு, எங்கே கிழிந்தது என்று தேடினாலும் தெரியாது. ஒரு தடவை ஓட்டி, அதற்கு மேலேயே இன்னொரு தடவை ஓட்டியிருக்கிறார். காலையில் தெருவே வந்து பார்த்தது. மாமாவைக் கூப்பிட்டு, "இரு கையாலயும் புட்ச்சி இழு, பிரிதான்னு பாக்கலாம்" என்றார். மாமா காலைக் கதவில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். ஒரு இழைகூட அசையவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணா, நான் மட்டும் கை தட்டவில்லை.

ஏனென்றால் காரோடு வந்த புத்தகத்தை இந்த வீட்டில் படித்தது நான் ஒருத்திதான். "நீதான இங்கிலீஷ் மீடியம், படிச்சி சொல்லு" என்று அப்பாதான் கொடுத்தார். அதில் படம் போட்டிருக்கிறது. பக்கவாட்டில் யாராவது வந்து மோதினால் விரிகிற காற்றுப்பை, அந்த ஏர்பேக், கதவில் இல்லை, சீட்டுக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறார்கள். மோதிய நொடியில் அது அந்த ஓரத்துத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். அதற்காகவே அங்கே சீக்கிரம் அறுகிற நூலாகப் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைத் தைக்கக்கூடாது, உறை மாட்டக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நம் அப்பா யானையைக் கட்டி இழுத்தாலும் வராத மாதிரி தைத்து வைத்திருக்கிறார்.

சொன்னேன், அண்ணா. புத்தகத்தைப் பிரித்துப் படத்தைக் காட்டியே சொன்னேன். அப்பா படத்தைப் பார்க்கவே இல்லை. "எவனாச்சும் பிரியறதுக்குன்னு தைப்பானா? நான் இத்தினி வருஷமா நூலோட இருக்கறன், எனக்குத் தெரியாத தையலா? பை வெளிய வரணும்னா ஜிப்பு வெச்சிருப்பான்" என்றார். மாமா சிரித்துக்கொண்டே, "பாப்பா கார் இன்ஜினீரு ஆயிட்டா மாமா" என்று அப்பாவிடம் சொல்லி என் தலையில் தட்டினார். ஏ.சி. பின் சீட்டு வரைக்கும் வருமா, கூரை திறந்தால் மழை உள்ளே வருமா என்பதற்கெல்லாம் மணிக்கணக்கில் வீடியோ பார்க்கிற ஆள், இதற்கு ஒரு நிமிஷம் தரமாட்டார். மறுபடி சொன்னபோது அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பையன் ஆசையாக வாங்கிக் கொடுத்த வண்டியைத் தான் கிழித்துவிட்டதை நீ கேள்விப்பட்டால் என்ன நினைப்பாயோ என்று அவருக்கு உள்ளுக்குள் உறுத்தல், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொன்னது, "இது லோகேஷ் காதுக்குப் போச்சி, ஏனாத்தூர் காலேஜுக்கு அப்ளிகேஷன் போடற பேச்சே கெடையாது, பன்னெண்டாவது முடிச்சிட்டு வூட்ல உக்காரு." அப்பா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை என்று உனக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் குழியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிறார்கள். அரக்கோணம் ரோட்டில் அன்றைக்கு லாரியும் வேனும் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார். அம்மாவுக்கு முட்டி மடக்க முடியவில்லை, பின்னால் கால் நீட்ட இடம் இல்லை, அவ்வளவு தூரத்துக்கு அந்த முன் சீட்டில்தான் உட்காரவேண்டும். உள்ளூரில் போகும்போதெல்லாம், பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வருகிறது என்று சொல்லி நான் ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்துகொள்கிறேன். "ஹீரோயினுக்கு முன் சீட்டுதான் வேணுமாம்" என்று மாமா கேலி செய்கிறார், செய்யட்டும். திருத்தணிக்கு அந்தச் சாக்குச் செல்லாது. எனக்கு அன்றைக்குப் பரீட்சை, என்னைக் கூட்டிக்கொண்டே போகவில்லை.

நேற்று அம்மா புது அரிசி மூட்டையைப் பிரித்தாள். வாயில் போட்டிருக்கும் தையலில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள், சரசரவென்று முழுத் தையலும் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். பிரிவதற்கென்றே தைத்த தையல்தானே அது? எத்தனை மூட்டை இந்த வீட்டில் அப்பா கையாலேயே பிரித்திருக்கிறார்! இதை அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வாய் வரை வந்தது. தறியில் உட்கார்ந்திருந்த அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நூலைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அதனால் நீதான் பேசவேண்டும். பை கிடைத்த அன்றைக்கே போன் செய். காரை ஷோரூமுக்கு எடுத்துப்போய், தெரிந்தவர்களை வைத்து அந்த சீட்டின் உறையையே மாற்றச் சொல். மாமா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தானே பிரிக்கிறேன் என்று கிளம்பிவிடுவார், அவரை அங்கே கை வைக்க விடாதே என்று சொல். மாற்றுகிறவரை அம்மா முன் சீட்டில் உட்காரக்கூடாது, திருத்தணிக்கு பஸ்ஸில் போகட்டும். அப்பாவைக் கோபமாக எதுவும் கேட்காதே, தையல் அழகாக இருக்கிறது என்று முதலில் சொல், அது உண்மைதான். இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னத் துணி லேபிள் வைத்திருக்கிறேன். ஏர்பேக் என்று போட்டு அந்த சீட்டின் ஓரத்தில் இருந்தது. புதுத் துணியில் விலைச்சீட்டை வெட்டுவதுபோல அப்பா அதையும் வெட்டிப் போட்டுவிட்டார், குப்பையிலிருந்து எடுத்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். நான் சொல்வதில் உனக்கும் சந்தேகம் வந்தால் அதைப் பார்.

யார் சொன்னது என்று அப்பா கேட்டால் இளவரசன் அண்ணன் சொன்னதாகச் சொல் என்று எழுத நினைத்தேன். வேண்டாம். பாவம், அவருக்கு எதற்கு. நீ வழக்கம்போல ஸ்பீக்கரில்தான் வருவாய், நானும் பக்கத்தில்தான் நிற்பேன். அரிசி மூட்டை என்று மட்டும் நீ ஆரம்பித்துவிடு. மிச்சத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

உனக்கு ஆசி சொல்ல எனக்கு வயது போதாது. அம்மாவின் கடிதத்தில் கடைசியில் இருக்கிற ஆசியை இதற்கும் சேர்த்து எடுத்துக்கொள், குமரகோட்டத்து விபூதியும் அதில்தான் மடித்திருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. நீ அங்கே கார் ஓட்டினால் பெல்ட் போட்டுக்கொண்டு ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே போன் செய்ய மறந்துவிடாதே, திங்கட்கிழமை அம்மாவை முட்டி வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், அம்மாவுக்குப் பதிலாக முன் சீட்டில் உட்கார ஆள் இல்லை.

உன் தங்கை,
ப. அகிலா