ஈரலை ஒட்டிய பக்கம்

இன்று காலை பாசாரில் வாங்கி வந்த கோழியைச் சுத்தம் செய்யும்போது, ஈரலில் ஒட்டியிருந்த பச்சைப் பை கையில் தட்டுப்பட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு வேலையும் ஓடவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிள்ளானில் நம் சாப்பாட்டுக் கடையில் கோழி உன் வேலை. பித்தப்பையை நீ தனியாக உரிக்கவே மாட்டாய். ஒட்டிய ஈரலிலும் ஒரு துண்டு சேர்த்தே அறுப்பாய். "ஈரலை ஏண்டி வீணாக்குற?" என்று கத்துவேன். "உரிச்சா பை கிழியும்க்கா. கொஞ்சம் ஈரல் போனா போகட்டும்லா. சட்டியே கசந்தா யாரு தின்பா, நீயா?" என்பாய்.

கல் என்று சொல்லித்தான் உன் பித்தப்பையை எடுத்தார்கள். எடுத்த பையைச் சோதித்த ரிப்போர்ட் வந்த அன்று, டாக்டர் மலாயும் ஆங்கிலமுமாக மளமளவென்று பேசினார். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. நீ பள்ளிக்கூடமே போகாதவள். நான் அஞ்சாவது வரை படித்தவள், அதைப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் பீற்றிக்கொண்டவள். உன் முன்னால், திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன்.

வெளியே வந்ததும், "என்னக்கா சொன்னாரு?" என்றாய்.

"பைதான் போயிருச்சே, இனி என்ன? அடுத்த தேதி சும்மா தையல் பார்க்கத்தான்."

"நீ சொன்னா சரிதான், படிச்சவ."

அந்தத் தேதிக்கு நாம் போகவில்லை.

சில மாதம் கழித்து உன் கண் மஞ்சளானது. உன்னை ஸ்கேனுக்குக் கூட்டிப்போன நேரத்தில் வேறொரு டாக்டர், தமிழ்ப் பெண், தாளில் படம் போட்டுக் காட்டினாள். பித்தப்பையின் சுவரே மெல்லிசாம். வயிற்றுப் பக்கம் மேலே ஒரு உறை உண்டாம். ஈரலை ஒட்டிய பக்கம் அதுவும் கிடையாதாம். உனக்குப் புற்று வந்தது அந்தப் பக்கம். மறிக்க ஒன்றும் இல்லாமல் நேராக ஈரலுக்குள் இறங்கிவிட்டது. "அந்த இடத்து ஈரலையும் கொஞ்சம் வெட்டி எடுக்கத்தான் அப்பவே தேதி கொடுத்தாங்க, ஆன்டி" என்றாள்.

கோழி அறுத்த உனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதே இல்லையே! நான் அன்றைக்குத் திருப்பிக் கேட்டு வந்து சொல்லியிருந்தால் போதும். அப்பவே வெட்டியிருந்தால் குணமாகியிருக்குமா என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றாள். நீ கண்ணை மூடிய பிறகும் அந்தச் 'சொல்ல முடியாது' என்னை உட்கார விடவில்லை, படுக்கவும் விடவில்லை.

போன வாரம் பந்திங்குக்குப் பஸ் ஏறி, உன் மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "பெரியம்மா, இதை அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அன்றைக்கு எனக்குப் புரியலடி.