அத்தை பெயர் கொண்ட மீன்

மார்ச் 4
ஆய்விதழிலிருந்து பதில் வந்துவிட்டது. கட்டுரையை எடுத்துக்கொள்வார்களாம், ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால். தொண்டைத் தாடை தடித்திருப்பது பிறவியாலா, தீனியாலா?

ஆப்பிரிக்க ஏரி சிக்லிட் மீன்களில் இது பழைய வம்பு. வாய்த் தாடை போக, தொண்டைக்குள் இன்னொரு தாடை. சில மீன்களுக்கு நத்தை ஓட்டை உடைத்து உடைத்தே அது தடித்துவிடும். நானோ அந்தத் தாடையை வைத்துத்தான் புது இனம் என்று எழுதியிருக்கிறேன். தீனிதான் காரணம் என்றால் இது பழைய மீனேதான். டிசம்பரில் பல்கலைக்கழகத்தில் என் வேலை ஒப்பந்தமும் முடிகிறது.

மார்ச் 9
ஒரே தாய் மீன் தன் வாய்க்குள் வைத்து அடைகாத்த குஞ்சுகளைப் பிரித்து, வீட்டுக் கூடத்தில் இரண்டு தொட்டிகளில் விட்டேன். இடதுக்கு நத்தை, வலதுக்கு மெத்தென்ற தீனி. வலது மீனுக்கும் தாடை தடித்தால் பிழைத்தேன்.

மீனுக்கு என் மாமியாரின் பெயரை வைத்திருப்பதை இன்றுதான் அவரிடம் சொன்னேன். பேசினால் தெருவுக்கே கேட்கிற அத்தைக்கு முகம் சிவந்தது. "தொண்டை பெருத்த மீனுக்கு என் பேரா? குத்திக் காட்டறியா?" என் கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

மார்ச் 17
கோபமெல்லாம் போய், உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அத்தை போன் போட்டாயிற்று. "என் மருமக வெச்ச பேரு!" என் மருமக — இத்தனை வருடத்தில் முதல் தடவை. எனக்குத்தான் பயம், இது பழைய மீன் என்றாகிவிட்டால்?

ஜூன் 2
கனவிலும் தாடை.

ஆகஸ்ட் 20
எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு தொட்டியிலும் தடித்த தாடை! பிறவிதான். புது இனம்தான்! துறைத்தலைவர் கைகுலுக்கி, "நாளைக்கே அனுப்பிடுங்க" என்றார்.

ஆகஸ்ட் 21
அனுப்பவில்லை.

காலையில் வேலைக்குக் கிளம்பியவள், மறந்த பையை எடுக்கக் கூடத்துக்குத் திரும்பி வந்தால், அத்தை வலது தொட்டியில் நத்தை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"நீ வேலைக்குப் போனதும் தினமும் போடறதுதாம்மா. கூடப் பொறந்ததுங்க. ஒண்ணு திங்க, இன்னொண்ணு கண்ணாடி வழியா பாத்துட்டே இருக்கு. பாவமில்ல?"

ஓட்டுத் துண்டுகளையும் வலை போட்டு எடுத்துவிடுவாராம், தொட்டி சுத்தமாக இருக்கட்டும் என்று. போச்சு, எல்லாம் போச்சு. கத்தினேனா? கத்தினேன். அத்தை கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 23
வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு பட்டனை அழுத்தி அனுப்பினால் வேலை நிலைக்கும், அத்தை பெயரும் நிலைக்கும். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

கை வரவில்லை. துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டேன். "மறுபடி வளர்த்துப் பாருங்க. டிசம்பர் பத்தி இப்ப நான் எதுவும் சொல்ல முடியாது."

செப்டம்பர் 1
புதுக் குஞ்சுகள். அத்தையை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். "அப்ப என் பேருக்கு நானே ஆப்பு வெச்சுக்கிட்டேனா?" என்றார். நத்தைக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார்.

செப்டம்பர் 5
வலது தொட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு அத்தை காவல். தன் மகனைக்கூட அண்ட விடுவதில்லை.

டிசம்பர் 30
ஒப்பந்தத்துக்கு மூன்று மாத நீட்டிப்பு. அவ்வளவுதான்.

பிப்ரவரி 11
எக்ஸ்ரே. இடது தடிப்பு. வலது மெலிவு. பழைய மீனேதான். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அத்தை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் பெயரும் போயிற்று. இனி நான் யாரோதானே அவருக்கு?

பிப்ரவரி 19
இரண்டு தொட்டிகளைப் பற்றியே எழுதச் சொல்லியிருக்கிறார் துறைத்தலைவர். வேலை பற்றிப் பேச்சில்லை. முதல் வரியைத் தொடங்கும்போது கூடத்திலிருந்து போன் சத்தம், தெருவுக்கே கேட்கிற அந்தத் தொண்டை:

"இல்லக்கா, என் பேர்ல மீனெல்லாம் கிடையாது. அது புது மீனே இல்லக்கா. யார் கண்டுபிடிச்சாங்களா? நாங்கதான். நானும் என் மருமகளும்."