இரண்டு கிண்ணங்களும் உறைந்துவிட்டன

ஜனவரி 11, திங்கள்

ஆறாம் வகுப்பு முழுக்க இன்றும் இணைய வகுப்புத் திரையில் கறுப்புக் கட்டங்கள்தான், ஒருவரும் கேமராவைப் போடவில்லை. "யாராவது சொல்லுங்க" என்றேன். ஒருவரும் மைக்கைத் திறக்கவில்லை. சிறு குழுக்களாகப் பிரித்துவிட்டு எட்டிப் பார்த்தேன், அங்கேயும் மூச். சத்தம் போட்ட ஒரே ஆள் என் மடியில் இருந்த என் குழந்தை ஈவா. பல் முளைக்கிறது அவளுக்கு.

தலைமையாசிரியை லொரெட்டா போனில் கூப்பிட்டார். "டெஸ்ஸா ரெய்மர் வாயே திறக்கலியாமே? வெள்ளிக்கிழமைக்குள்ள பேசலேன்னா வீட்டுக்குப் பாடத்தாள் அனுப்பிடலாம்மா." பாடத்தாள் போனால் அவள் வகுப்புக்கே வரமாட்டாள். அந்தக் கட்டமும் போய்விடும். கறுப்புக் கட்டம்தான் — ஆனாலும்.

ஜனவரி 12

தினமும் முதலில் வருவது டெஸ்ஸாதான். விருப்பமில்லாத பிள்ளை ஏன் முதலில் வரவேண்டும்?

ஜனவரி 13

நாளை பிள்ளைகள் திரையை விட்டு எழுந்து போகட்டும். ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்புத் தண்ணீர். வெளியே வைத்து, எது உறைகிறது என்று பார்த்து, குரலில் பதிவு செய்து அனுப்பவேண்டும். உப்புத் தண்ணீர் உறையாது. அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

ஜனவரி 14

வெளியே மைனஸ் முப்பத்திரண்டு டிகிரி. இரண்டுமே உறைந்துவிட்டன. பாடப்புத்தகம் எழுதியவர் கனடாவில் எங்கள் மானிட்டோபா பக்கம் வந்ததில்லை போலும். நான் இங்கேயே பிறந்தவள், எனக்கெங்கே போச்சு புத்தி?

கோல்பி அனுப்பியது: "மிஸ், ரெண்டும் கல்லு. உங்க உப்பு டூப்ளிகேட்டா?"

என் கணவர் கர்ட்டுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஜனவரில என்னைய வெளிய வச்சாலும் உறைஞ்சிடுவேன்டி!" எனக்கு அழுகைதான் வந்தது. விடிந்தால் வெள்ளி.

பிறகு இன்னொரு பதிவு. நாய் குரைக்கிறது, பின்னால் அண்ணன்மார் சண்டை. "மிஸ்... டெஸ்ஸா. ரெண்டும் உறைஞ்சிடுச்சு. ஆனா உப்புது மட்டும் பால் மாதிரி வெள்ளையா இருக்கு. உள்ள கொண்டாந்து, முதல்ல உருகின தண்ணிய நக்கிப் பாத்தேன். ஐயோ, அப்படிக் கரிக்குது! மிச்ச ஐஸ்ல அவ்வளவா உப்பே இல்ல. ஏன் மிஸ்?"

திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

ஜனவரி 15, வெள்ளி

அந்தப் பதிவை வகுப்பில் போடட்டுமா என்று டெஸ்ஸாவிடம் முன்னதாகக் கேட்டேன். "எங்க வீட்டுச் சத்தத்துக்கு எல்லாரும் சிரிப்பாங்க மிஸ். அதான் மைக்கே திறக்கறதில்ல." பிறகு அவளே, "சரி, போடுங்க."

போட்டேன். "எனக்கும் பதில் தெரியாது" என்றேன்.

"சும்மா சொல்றீங்க" என்றான் கோல்பி.

"சத்தியமாடா."

அவ்வளவுதான். கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின. ஒருவன் பனிக்கட்டியைக் கேமரா முன்னாலேயே நக்கினான். "ஏய் டெஸ்ஸா, உருகினதைத் தனியா வச்சியா?" என்று கோல்பி கேட்டான். நாய்ச் சத்தத்தோடு அவள் மைக் திறந்தது: "பின்ன? உன்னை மாதிரி கொட்டிடுவேனா?"

இதுவரை நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் என் கையிலேயே இருந்தது. அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் யாரும் பேசவில்லையா?

லொரெட்டாவிடம் சொன்னேன். "அப்ப பாடத்தாள் வேண்டாம்" என்று போனை வைக்கப்போனவர், "அது சரி, உப்பு எங்கதான் போச்சு?" என்றார்.

ஜனவரி 18

சமையலறையில் ஒரு கிண்ணமும் இல்லை. எல்லாம் வாசற்படியில். ஒவ்வொன்றிலும் வேறு அளவு உப்புப் போடச் சொல்லியிருக்கிறாள் டெஸ்ஸா. ஈவாவுக்குக் காபிக் கோப்பையில் கஞ்சி.