ஈரான் பொண்ணுக்கு வூடு பாத்தேன், அக்கா

என் செல்ல ராட்சசி சரசக்காவுக்கு,

நீ போயி நாலு வருசம் ஆவுது. அங்கயும் யாரயாச்சும் அதட்டிக்கினுதான் கீறன்னு நெனைக்கிறேன். நான் இன்னும் வூட்டு புரோக்கர்தான். மயிலாப்பூர்ல இருந்து அடையாறு வரைக்கும் எந்த வூட்டுல தண்ணி வரும், எந்த ஓனருக்கு வாயி வரும், எல்லாம் அத்துப்படி. முட்டிதான் ஒத்துழைக்கல.

இப்ப எதுக்கு எழுதறேன்னா, ஒரே கடுப்பு. யாராண்ட கத்தறதுன்னு தெரியல. இப்பல்லாம் நீதான் குறுக்க பேசறதில்ல.

இந்த மாசம் பொறந்ததும் ஒரு பொண்ணு வந்துது. ஈரான் நாட்டுப் பொண்ணு, பேரு மீனா. அவங்க ஊர்லயும் அந்தப் பேரு உண்டாம். தண்ணிய சுத்தம் பண்றதப் பத்திப் பெரிய படிப்பு. மூணு வருசமா இங்க கீது, தமிழு பிச்சிப் பிச்சிப் பேசும். ஆஸ்டல்ல தங்கற கெடு முடிஞ்சி போச்சு. மாசக் கடைசிக்குள்ள வாடகை அக்ரிமென்ட் காட்டலன்னா விசாவ நீட்ட மாட்டாங்களாம். படிப்ப பாதியில வுட்டுட்டுப் பொட்டியத் தூக்கணும்.

மூணே நாள்ல முடிச்சித் தரேன்னேன். என் வாய்க் கொழுப்பு.

கோட்டூர்புரத்துக்காரரு ஒருத்தரு, போன்ல மீனான்னு சொன்னதும் ஒடனே கூட்டினு வாய்யான்னாரு. நேர்ல பாத்ததும் ஒண்டிப் பொண்ணுங்களுக்குக் குடுக்கறதில்லன்னுட்டாரு. ராஜா அண்ணாமலைபுரத்துல ஒரு அம்மா காப்பி குடுத்து அரை மணி நேரம் உச்சு கொட்டினாங்க. முக்காடு போடலன்னா புடிச்சினு போறாங்களாமே, டிவில பாத்து அழுதேம்மான்னாங்க. அந்தக் கண்ணீரு காயறதுக்குள்ள, ஒங்கூட ஆம்பள யாரும் இல்லியா, அசோசியேசன்ல கேப்பாங்களேன்னாங்க. நான் வேணா வந்து தங்கட்டுமா, நானும் ஆம்பளதானேன்னு கேட்டேன். காப்பி டம்ளரப் புடுங்கிக்கினாங்க.

பஸ்ல வரச்ச மீனா அவங்கம்மா கதைய சொல்லிச்சு. பல் டாக்டராம். அவங்க ஊர்ல டாக்டரு, இன்ஜினியரு, வாத்தியாருன்னு பொம்பளைங்க எங்கயும் கீறாங்களாம். நான் இன்னாவோ அல்லாரையும் வூட்டுல பூட்டி வெச்சிருக்காங்கன்னு நெனைச்சினு இருந்தேன். ஆனா கல்யாணம் ஆன பொம்பளைக்குப் பாஸ்போர்ட் வோணும்னா புருசன் சம்மதிச்சுக் கையெழுத்து போடணுமாம். சட்டமே அப்டித்தான். பொண்ணப் பாக்க மெட்ராசுக்கு வரணும்னு அந்தம்மாவுக்கு ஆச, அப்பன்காரன் போட மாட்டேங்கறான். ஊரு பல்லையெல்லாம் புடுங்கற கை, ஒரு கையெழுத்துக்குக் காத்துக்கினு கீது. இன்னா நியாயம் இது?

இப்பத்திப் பொண்ணுங்க உசாராம். புருசன் தடுக்கக் கூடாதுன்னு கல்யாணப் பத்திரத்துலயே எழுதி வாங்கிக்கிறாங்களாம். முக்காடு வோணாம்னு ரோட்டுல எறங்கி நின்னதும் அவங்கதான்.

ஏழு வூடு பாத்தாச்சு, ஒண்ணும் ஆவல. மாசம் முடிய நாலு நாளு. மேற்கு மாம்பலத்துல நம்ம வூட்டு வாசல்ல நின்னுக்கினு அது மேல பாத்துது. தாத்தா, ஒங்க மாடி காலிதானேன்னுச்சு.

காலிதான். ஆனா மருமவ மூஞ்சி கண்ணு முன்னாடி வந்துது, தெருவோட வாயும் வந்துது. ஏழு வூட்டுக்காரங்களையும் கிழிச்சவன் இன்னா சொன்னேன் தெரியுமா?

"குடுக்கறேம்மா. ஒங்கப்பாவாண்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிக் குடுத்துடு."

அது கத்தல, மொறைக்கல. "எங்கம்மாவே அந்த லெட்டருக்குத்தான் வெயிட் பண்றாங்க, தாத்தா"ன்னுட்டு ஸ்டேசன் பக்கம் நடந்துடுச்சு.

அப்பத்தான் நீ ஞாபகம் வந்த. மாமா அடிச்ச அன்னைக்கு இதே வாசல்ல வந்து நின்ன. ஆஸ்பத்திரில ஆயா வேல கெடைச்சிருக்கு, ஒரு ரூம் மட்டும் பாத்துக் குடுடான்ன. ஊருக்கே வூடு பாத்துத் தரவன், மாமா இன்னா சொல்றாருன்னு கேட்டேன். நீ மாமா வூட்டுக்கே திரும்பி பஸ் ஏறிட்ட. ஏன் அக்கா ஒரு அற வுடல? சின்ன வயசுல ஒன் மிட்டாய எடுத்ததுக்கே மண்டைய ஒடைச்சவளாச்சே. அப்பறம் சாவற வரைக்கும் அந்த வூட்டுலயே கெடந்தியே, என்னைய ஒரு வார்த்த கேட்டியா? மன்னிச்சிட்டியா, இல்ல இவன் இவ்ளோதான்னு வுட்டுட்டியா?

முட்டியப் புடிச்சிக்கினு ஸ்டேசனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்துல ஒக்காந்துனு இருந்துது. சாவிய நீட்டினேன். லெட்டர் வேணாமான்னு கேக்குது, குசும்பு புடிச்சது.

"லெட்டரு நான் எழுதறேன், ஒங்கப்பனுக்கு. அந்தம்மாவ அனுப்பி வைய்யான்னு."

சிரிச்சிச்சு. நேத்து மாடிக்கு வந்தாச்சு. அக்ரிமென்ட்ல அது கையெழுத்தும் என் கையெழுத்தும்தான். மருமவ இன்னும் எனுக்குக் காப்பி குடுக்கல.

அந்த லெட்டர நாலு வாட்டி எழுதிக் கிழிச்சிட்டேன். அதட்டினா கோச்சிப்பான், கெஞ்சினா ஏறிப்பான். அந்தம்மா கேட்டுக் கேக்காதவன், எவனோ ஒரு மாம்பலத்துக் கெழவன் கேட்டாக் கேப்பான்னு நாங்க நம்பறோம் பாரு, அதான் எல்லாத்தையும் வுடக் கடுப்பு. இருந்தாலும் எழுதிடுவேன். மீனா அவங்க பாசையில மாத்தித் தரேன்னுருக்கு.

ஒனக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. இனிமே எந்தப் பொண்ணு ஒண்டியா வந்து வூடு கேட்டாலும், எத்தினி ரூமு வோணும்னு மட்டுந்தான் கேப்பேன்.

ஒன் கையால அடி வாங்கியும் திருந்த லேட்டான தம்பி,
கோவிந்தன்