காரின் நிறம் தெரிந்துவிட்டது

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் காரின் நிறம் தெரிந்துவிட்டது. சாம்பல், அதில் லேசாக நீலம் ஓடுகிறது. தகவல் தந்தவர் டிங்கர் பட்டறை கரீம் பாய். போன வெள்ளிக்கிழமை காலை டாஷ்போர்டுக்கு அடியில் சுரண்டிப் பார்த்துச் சொன்னார். ஓர் இடத்தை மட்டும் வைத்து நான் எதையும் எழுதுவதில்லை. இன்னோர் இடம் வேண்டும் என்று நின்றேன். "ரிப்போர்ட்டர் சார், காரு இன்னா கோர்ட்டுலயா நிக்குது?" என்று முனகிக்கொண்டே கதவின் கீலைக் கழற்றினார். கீலுக்குப் பின்னால் வெயிலும் மழையும் படாத ஒரு கட்டைவிரல் அகல இடத்தில் அதே சாம்பல் இருந்தது.

டர்பன்டைன் நனைத்த துணியால் பாய் அந்த இடத்தைத் துடைத்தார். அந்த வாசனை வந்ததும் நான் உன்னைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். உன் போட்டோ ஸ்டுடியோவின் கலர் போடும் மேஜையைத் தவிர வேறெங்கும் நான் அந்த வாசனையை முகர்ந்ததில்லை. பின்னால் உன் மனைவி தனம்தான் நின்றிருந்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கீலையே பார்த்தாள். "நீங்களே அவருக்கு எழுதிடுங்கண்ணா. எனக்குச் சொல்ல வாய் வரல" என்றாள்.

உனக்கு வேண்டாத செய்தி இது என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன்.

அந்தக் கார் காஞ்சிபுரத்துக்குள் வந்த நாளில் நான் நகராட்சி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு ஜோடி மாடு வந்தது. மாட்டுக்குப் பின்னால் வண்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீண்ட மூக்கு. மூக்குக்குப் பின்னால் இரண்டே இருக்கை, கூரை கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாபா இது, காரை மாடு இழுக்குது?" என்றேன்.

"மாடு எங்க இழுக்குது? காருதான் மாட்டைத் தள்ளிக்கினு வருது. நல்லா பாரு."

நல்லாப் பார்த்தேன். நீ சொன்னபடிதான் இருந்தது.

கதை பிறகு தெரிந்தது. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு பட்டுக்கடை முதலாளி அதை வாங்கி வந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் இன்ஜினைக் கழற்றி, கூரம் பக்கத்து வயலில் தண்ணீர் இறைக்க வைத்துவிட்டார்கள். மிச்சத்தைத் துருப்பிடிக்காமலிருக்கச் செங்கல் நிற ரெட் ஆக்சைடு பூசி மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினார்கள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் போன நீ, கூலிக்குப் பதில் இதைக் கேட்டாய். முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தாராம்.

இன்ஜின் இல்லாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டேன். ஸ்டுடியோ முற்றத்தில் அதை நிறுத்திவிட்டு என்னைப் பக்கவாட்டில் குந்த வைத்தாய். "விளக்குல கண்ணை வெச்சுக்கோ. அங்கேருந்து மெதுவா வா. வால் வர்ற வரைக்கும் கண்ணை எடுக்காதே" என்றாய். விளக்கிலிருந்து கிளம்பிய கோடு முன்சக்கரத்தின் மேல் ஏறியது. அங்கிருந்து சரிந்து, கதவருகே தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று, பின்சக்கரத்தின் மேல் மறுபடி எழுந்து, வாலில் போய் அடங்கியது. எந்த இடத்திலும் அறுபடவில்லை. அதன் பிறகு எத்தனையோ புதுக் கார்களைப் பார்த்துவிட்டேன். மந்திரிகள் வந்திறங்கும் கார்களின் கதவருகே நின்று குறிப்பெடுத்திருக்கிறேன். அவை நின்றால் நின்றவைதான். உன்னுடையது நின்ற இடத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அதை வரைந்தவன் எந்த ஊரில் எந்த மேஜையில் உட்கார்ந்து வரைந்தானோ, தேவையில்லாமல் ஒரு கோடுகூடப் போடவில்லை. வருஷங்கள் போயும் அது பழசாகாததற்கு நான் கண்ட காரணம் இதுதான்.

கல்யாணமான மறுவாரம் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோ பிடிக்க வருவது வழக்கம். அவர்கள் அந்தக் காரைப் பார்த்துவிட்டால் ஸ்டுடியோவின் திரைச்சீலைத் தாஜ்மகாலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. யாரும் சொல்லித் தராமலே, ஒருவர் தவறாமல் கதவின் அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளைப் படம். பிறகு நீயும் தனமும் பஞ்சு சுற்றிய குச்சியால் அதற்குக் கலர் போடுவீர்கள். புடவையும் நகையும் அவள் பொறுப்பு. கார் மட்டும் உன்னுடையது.

பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளைதான் ஆரம்பித்து வைத்தான். பெண்ணின் முகூர்த்தப் புடவையை அவனே நெய்திருந்தான். அதே பட்டில் ஒரு நூல் துண்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "காரும் இதே கலர்ல இருக்கணும்பா" என்றான். மயில்கழுத்து நிறம். நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து நீ அப்படியே போட்டுக் கொடுத்தாய். அதற்கப்புறம் எல்லோரும் நூலோடு வர ஆரம்பித்தார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கத்திரிப்பூ, வெங்காயத்தோல். சுற்றுவட்டார ஊர்களில் எந்த வீட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போனாலும் சுவரில் உன் கார் இருந்தது, வீட்டுக்கு ஒரு நிறத்தில்.

திருமுக்கூடலிலிருந்து வந்த அந்தப் பெண்ணை நினைவிருக்கிறதா? முற்றத்தில் செங்கல் நிறத்தில் நின்ற காரைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க அக்காளுக்குப் பச்சைக் காருல எடுத்தீங்க. எனக்கு மட்டும் துருப்பிடிச்ச காரா? அந்தக் காரை வெளிய எடுங்க."

"இருக்குறது இந்த ஒரு காருதாம்மா."

"பொய் சொல்லாதீங்க. எங்க சித்தி வீட்டுல மஞ்சக் காரு மாட்டியிருக்குது. பணக்காரங்களுக்கு நல்ல காரு, எங்களுக்கு இதுவா?"

மாப்பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் கையைத் தட்டிவிட்டாள். தனம் உள்ளேயிருந்து கலர் போடாத படம் ஒன்றையும் போட்ட படம் ஒன்றையும் கொண்டுவந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ நெசமா இதுக்கு இன்னா கலரு?" என்றாள்.

உனக்கே தெரியாது.

கை பட்டுப் பட்டுக் கதவருகே ரெட் ஆக்சைடு தேயும். தேய்ந்தால் அடியில் இருக்கும் நிறம் தெரிந்துவிடும். அதற்கு முன்பே நீ பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பூச்சுப் பூசிவிடுவாய். "ஒரு தடவை சுரண்டிப் பார்த்தா இன்னாபா கெட்டுப்போச்சு?" என்று ஒரு முறை கேட்டேன். "தெரிஞ்சுட்டா அப்புறம் வேற கலர் போட எனக்குக் கை வராது" என்றாய். பொய் என்று தெரிந்த எதையும் எழுதாத நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

பந்தல் காண்டிராக்டர் வந்ததும் அந்தக் காலத்தில்தான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டும் என்றார். இன்ஜின் இல்லாவிட்டாலும் ஜீப்பில் கட்டி இழுத்துக்கொள்ளலாம், ஆனால் மாப்பிள்ளை பள்ளமான அந்த இருக்கையில் உட்கார்ந்தால் யார் கண்ணிலும் படமாட்டார், பின்பக்கத்தை வெட்டிச் சிம்மாசனம் வைக்க வேண்டும். சொன்னதோடு நிற்காமல் சாக்பீஸை எடுத்துப் பின்சக்கரத்தின் மேல் ஒரு கோடு போட்டார். நீ வேட்டி முனையால் அதை அழித்தாய். அவர் மறுபடி போட்டார். நீ மறுபடி அழித்தாய்.

"ஏன்பா, ஓடாத வண்டிக்கு இவ்ளோ பிகுவா?"

"வெட்டினா உங்க மாப்பிள்ளை ஒசரமா உக்காருவாரு. காரு உக்காந்துடும்."

அந்த வருஷம் அவர் உனக்கு ஒரு கல்யாண ஆர்டர்கூட அனுப்பவில்லை. வருமானம் குறைந்தது வீட்டில் தெரிந்தது. ஆனாலும் நீ இறங்கி வரவில்லை, தனமும் உன்னை இறங்கச் சொல்லவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு முற்றத்தின் தகரக் கூரை ஒரு மழையில் பிய்ந்துவிட்டது. கதவின் அடி விளிம்பில் துரு பொரிந்து கிளம்பியது. கையால் தொட்டால் உதிர்ந்தது. அந்த வாரமே காண்டிராக்டர் வந்து நின்றார். இந்த முறை சாக்பீஸ் இல்லை. இதமாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, இப்பல்லாம் மெட்ராஸ்ல கலர் பிலிமே வந்துடுச்சு. குச்சியால கலர் போடுறதுக்கு இன்னும் எத்தினி பேரு வருவாங்க? காரைக் குடு. பின்னாடி வெட்டி, அரக்குக் கலரு அடிச்சுடறேன். ஊர்வலப் போட்டோ மொத்தமும் உனக்குத்தான். இல்லன்னா வர்ற தை மாச ஆர்டரை நான் வேற ஸ்டுடியோவுக்குத்தான் சொல்லணும்."

நான் அப்போது அங்கே இருந்தேன். தனம் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "வேற ஸ்டுடியோவுக்கே சொல்லிடுங்கண்ணா. இதை வெட்ட மாட்டேன்." குரல் உயரவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனதும் அவள் கேட்ட ஒரே கேள்வி, துருவை எடுக்கத் தெரிந்த ஆள் யார் என்பது. கரீம் பாயை நான்தான் அழைத்து வந்தேன். துரு போக வேண்டுமானால் ரெட் ஆக்சைடு முழுவதும் போக வேண்டும் என்றார் பாய். அது போனால் நீ பார்க்காமல் காப்பாற்றி வைத்தது தெரிந்துவிடும். தனம் அன்று பாயை அனுப்பிவிட்டாள். மறுநாள், "எப்படியும் புதுசா ஒரு கலர் அடிச்சே ஆகணும். நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணு அடிக்கறதுக்கு, அதோட கலரையே அடிச்சுடலாம். சுரண்டுங்க பாய்" என்றாள்.

சாம்பல் என்று தெரிந்ததும் பாய் தயங்கினார். "கல்யாணக் காருக்கு இது ஆவாதும்மா. ஊர்ல எவ இந்தக் கலருல புடவை எடுத்தா? கிளிப்பச்சை அடிச்சுடலாம்." எனக்கும் பயம்தான். இந்த ஊரில் சாம்பல் நிறப் புடவையை மணமகள் தொடக்கூட மாட்டாள். தனம் உள்ளே போய், நீ முதன் முதலில் அந்தக் காரை எடுத்த படத்தைக் கொண்டுவந்தாள். கலர் போடாத படம். அதைக் கதவுக் கீலுக்குப் பக்கத்தில் பிடித்தாள். படத்தில் இருந்த சாம்பலும் இரும்பில் இருந்த சாம்பலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன.

செங்கல் நிறம் கறுப்பு வெள்ளையில் அப்படித் தெரிந்திருக்கலாம். தற்செயலாகவும் இருக்கலாம். இதை நான் உறுதி செய்ய முடியாது. ஆனால் பாய் அதற்கப்புறம் கிளிப்பச்சையைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது நடந்து முடிந்தவை இவை: துரு எடுத்தாயிற்று. கதவின் அடியில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்று. பின்பக்கம் அப்படியே இருக்கிறது. பற்றவைத்தது கோட்டைக் கெடுத்திருக்கிறதா என்று பக்கவாட்டில் குந்திப் பார்த்தேன். விளக்கிலிருந்து வால் வரை கண்ணை எடுக்கவில்லை. நீ சொன்னதில் என்னிடம் மிச்சமிருப்பது அந்தப் பழக்கம்தான். யாராவது பேசும்போது பாதியில் முடிவு கட்டாமல் கடைசி வார்த்தை வரை காத்திருப்பதும், ஒரு செய்தியை அது போய் முடியும் இடம் வரை பின்தொடர்வதும் அங்கிருந்து வந்தவை. முழங்கால் வலிக்கிறது, குந்துவதை மட்டும் விடவில்லை.

நிலுவையில் இருப்பது பெயிண்ட். காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் கொப்புளம் கட்டும், கார்த்திகை தீபம் கழியட்டும் என்கிறார் பாய். அடித்துக் காய ஒரு வாரம். காண்டிராக்டர் சொன்னபடியே தை ஆர்டர்களை வேறிடத்துக்குக் கொடுத்துவிட்டார். மழைக்குப் பின் யாராவது வருவார்களா என்பது தெரியாது. முதல் படம் யாருடையது என்பது மட்டும் முடிவாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் தனம் அந்தக் காரில் ஒரு முறைகூட உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதில்லையாம். அவள்தான் உட்காரப் போகிறாள். பட்டனை அமுக்க வேண்டியவன் நான்.

எனக்குக் கேமரா பழக்கமில்லை, வெயில் சரியாக விழாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"மேகமா இருந்தாலும் எடுங்கண்ணா" என்றாள். "அந்தக் கலருக்கு மேகம் நல்லாவே இருக்கும்."